மேலேயிருந்து எத்தனை படி

லாண்டரியக்காவின் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் பதினோரு கருங்கல் படிகள். அதற்குக் கீழே ஓடை. அந்தத் தெருவில் "ஓடையில தண்ணி எவ்வளவு?" என்று யாரும் கேட்டதில்லை. "இன்னைக்கு எத்தனை படி?" என்றுதான் கேட்பார்கள். ஒன்பது என்று பதில் வந்தால் ஒன்பது படி காய்ந்திருக்கிறது, பேசாமல் போய் வேலையைப் பார்க்கலாம். ஐந்து என்றால் தண்ணீர் ஏறுகிறது. இரண்டு என்றால் மூட்டை முடிச்சுகளைப் பரண்மேல் ஏற்ற வேண்டியதுதான். மேலேயிருந்து எண்ணுவதுதான் அங்கே வழக்கம். வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு ஓடை எவ்வளவு ஆழம் என்பதா கவலை? தண்ணீர் வாசலைத் தொட இன்னும் எத்தனை படி பாக்கி என்பதுதானே கவலை! இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கேயும் எழுதி வைத்ததும் இல்லை. ஊருக்கே தெரிந்ததை எவன் மெனக்கெட்டு எழுதுவான்?

அந்த எழுதாமல் விட்ட ஒரு வரிதான் கடைசியில் அவள் தலையில் கல்லைப் போட்டது.

அக்காவுக்கு இரண்டு லாட்ஜும் ஒரு நர்சிங் ஹோமும் வாடிக்கை. காலை ஏழு மணிக்கு அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். மூன்று மிஷின்கள் முன்னறையில் கடகடவென்று ஓடும். ஆனால் மிஷினை நம்பியா அவள் பிழைப்பு நடந்தது? மிஷின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடை முழங்கையை மடக்கினது போல ஒரு வளைவு வளையும். அந்த வளைவுக்குள் படிகளை ஒட்டி ஒரு மணல் திட்டு. வீட்டுப் பத்திரத்தில் சேர்ந்த இடம். அதில் எட்டு வரிசைக் கயிறு கட்டியிருந்தாள். ஓடையோடு வருகிற காற்று, விரித்த துணியை ஒன்றரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய வைத்துக் கொடுத்துவிடும். காலையில் எடுத்த படுக்கை விரிப்பை மாலையில் மடித்துக் கொண்டுபோய்ப் போடுகிற லாண்டரி அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். திட்டு போனால் லாண்டரி போச்சு. லாண்டரி போனால் நாற்பத்தைந்து வயதில் அக்கா நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

நான்கு படி என்கிற அளவுக்குத் தண்ணீர் வந்தால் கடைசி வரிசைக் கம்பங்கள் நனைந்துவிடும். அதனால் தினமும் காலையில் துணிக்கணக்கு எழுதும்போதே படியையும் சேர்த்து எழுதுவாள். "விரிப்பு 96, உறை 140, படி 9." பதினெட்டு வருஷமாக ஒருநாள் விடாமல் எழுதினாள். காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளில்கூட "துணி எடுக்கவில்லை, படி 8" என்று கோணல்மாணலாக ஒரு வரி இருக்கும்.

அதற்கும் முன்னால், நோட்டு இல்லாத காலத்தில், படி எண்ணுவது தம்பியின் வேலை. தெரு அவனைச் சின்னவன் என்று கூப்பிடும். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. விடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு கொல்லைக் கதவைத் திறந்து பார்த்து, "ஒம்பது, அக்கா!" என்று கத்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான். இவளைப் பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம், தம்பியும் கூடவே வருவானா என்று இழுத்தது. "அவன் வராட்டி நானும் வரலை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதில்லை. வருத்தப்பட நேரம் இருந்தால்தானே! ஊரார் படுத்தெழுந்த விரிப்பை வெளுத்து அவனைப் படிக்க வைத்தாள். அவனும் படித்து, வெள்ளத் தடுப்பு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தான். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம்தான். இருந்தாலும் ஆபீஸ் வேலை இல்லையா? "என் தம்பி ஆபீஸ்ல..." என்று தொடங்காமல் அவளால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது.

போன மழைக்கு முந்தி ஒருநாள் மத்தியானம் அவன் வந்தான். கை கழுவக்கூட இல்லை.

"அக்கா, உன் பழைய நோட்டெல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு. எதுக்குடா?"

"அந்தச் சின்னப் பாலம் இருக்குல்ல, அதுக்கு அடியில குப்பை அடைச்சிக்கிட்டுத்தானே ஓடை பொங்குது? பாலத்தை இடிச்சுப் பெருசா கட்டணும்னு ஆபீஸ்ல எழுதப் போறேன். ஆதாரம் கேப்பாங்க. உன் நோட்டை விட்டா வேற எவன்கிட்ட இருக்கு பதினெட்டு வருஷக் கணக்கு?"

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பாலத்தைப் பற்றி அவள் எத்தனை மனு கொடுத்திருப்பாள்! இப்போது தன் தம்பியே, தன் நோட்டை வைத்தே! பதினெட்டு நோட்டுகளையும் தூசி தட்டி, வெளுத்த தலையணை உறை ஒன்றில் போட்டு வாயைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள். "நனையாமப் பார்த்துக்கடா" என்று வேறு சொல்லியனுப்பினாள். பைத்தியக்காரி!

ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஓடைத் திட்டம் பற்றிக் கருத்துக் கேட்பாம். பாலத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அக்கா இஸ்திரி போட்ட புடவையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் பெரிய இன்ஜினியர். அவருக்குப் பின்னால், கையில் ஃபைலோடு சின்னவன். சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் ஓடையைக் காணோம். நூல் பிடித்த மாதிரி இரண்டு நேர்க்கோடுகள்தான் இருந்தன. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், அடியிலும் கான்கிரீட் தளம், மேலே பலகை போட்டு மூடி அதன்மேல் ரோடு என்று இன்ஜினியர் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். தண்ணீர் எங்கேயும் நிற்காது, வந்த வேகத்தில் போய்விடும் என்றார். வளைவை நேராக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். குச்சி போய் நின்ற இடம் அவளுடைய மணல் திட்டு. நேர்க்கோடு அதற்கு நடுவிலே போய், படிகளையும் பின்னறையையும் வெட்டிக்கொண்டு போனது.

"இவ்வளவு பெரிய வேலை தேவையான்னு கேப்பீங்க" என்றார் இன்ஜினியர். "இது நாங்களா உட்கார்ந்து கற்பனை பண்ணினது இல்லை. உங்க தெருவுல ஒரு அம்மா பதினெட்டு வருஷமா தினமும் எழுதி வெச்சிருக்காங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் தண்ணி எட்டு, ஒன்பது, பத்துப் படி ஏறி நிக்குது. பாருங்க."

இன்னொரு தாளைப் பிரித்து மாட்டினார்கள். மாதாமாதம் தண்ணீர் எவ்வளவு என்று நீல நீலமாகக் கம்பங்கள். நல்ல வெயில் மாதங்களில் கம்பம் வானத்துக்கு நிற்கிறது. அடைமழை மாதங்களில் குட்டையாகக் கிடக்கிறது. அக்கா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், தலைகீழாப் படிச்சிட்டீங்க!" என்று எழுந்தாள். "அது நான் எழுதினதுதான். நாங்க மேலேயிருந்து எண்ணுவோம் சார். பத்துன்னா பத்துப் படி காஞ்சு கிடக்குன்னு அர்த்தம். முழங்கால் தண்ணிகூட இருக்காது."

மண்டபத்தில் சலசலப்பு. இன்ஜினியர் நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது. குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "என்னப்பா, நோட்டைப் படிச்சுப் பட்டியல் போட்டது நீதானே? நீ அந்தத் தெருக்காரன்னு சொன்னியே. எப்படி எண்ணுவாங்க?"

அக்கா நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். தம்பி இருக்கிறான், இனி என்ன கவலை? ஆபீஸில் யாரோ குழப்பியிருக்கிறார்கள், அவன் ஒரே வார்த்தையில் சரி செய்துவிடுவான்.

சின்னவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "கீழேயிருந்துதான் சார்" என்றான்.

"டேய்!"

அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் லேசில் விடுகிறவளா அவள்? "சார், ஒரு நிமிஷம். பெருவெள்ளம் வந்த அன்னைக்கு எடுத்துப் பாருங்க. 'படி இல்லை'ன்னு எழுதியிருப்பேன். கீழேயிருந்து எண்ணினா, அன்னைக்கு ஓடையில சொட்டுத் தண்ணி இல்லைன்னு ஆகுதே! ஊரே முங்கிக் கிடந்த நாள் சார் அது!"

இன்ஜினியர் அந்த நோட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தைப் பிரித்தார். புருவம் சுருங்கியது. சின்னவன் பக்கத்தில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்: "அன்னைக்கு வெள்ளத்துல அவங்களால அளக்க முடியலை சார். அதான் 'இல்லை'ன்னு போட்டிருக்காங்க."

எவ்வளவு அழகாக அளந்துவிட்டான் பாருங்கள்! அந்தப் பெருவெள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் அவனைத் தோளில் சுமந்துகொண்டு போனவள் அவள். பதினேழு வயசுப் பையனைத் தோளில் சுமப்பாளா என்று கேட்காதீர்கள். அவனுக்கு அன்றைக்குக் கால் முறிந்திருந்தது. சுமந்தாள்.

அக்கா தெருவைப் பார்த்துத் திரும்பினாள். முப்பது வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். "நீங்க சொல்லுங்க! தினமும் என்கிட்ட கேட்டவங்கதானே? வாத்தியாரே, நீங்க சொல்லுங்க."

பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் தினமும் காலையில் மதிலுக்கு மேலே தலையை நீட்டி "எத்தனை படிம்மா?" என்று கேட்காமல் பேப்பரைப் பிரிக்க மாட்டார். ஒருநாள் அவள் வேண்டுமென்றே "பன்னெண்டு" என்று சொல்ல, "ராத்திரியோட ராத்திரியா புதுசா ஒரு படி கட்டினியா?" என்று கேட்டுச் சிரித்த மனுஷர். அவர் இப்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அதெல்லாம் அவ்வளவா ஞாபகம் இல்லம்மா" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மறதி வருகிற வியாதியை அக்கா அன்றைக்குத்தான் கண்டாள். "ஆட்சேபணை வேற யாருக்கும் இல்லையே?" என்று கேட்டு இன்ஜினியர் நோட்டை மூடினார்.

வெளியே வந்தபோது வாத்தியார் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். "போன ஞாயித்துக்கிழமை சின்னவன் வீடு வீடா வந்தான். பின்னாடி ரோடு வரும், கார் கொல்லை வரைக்கும் வரும், கடைகூடப் போடலாம்னு சொன்னான். உன் வீட்டுக்கு நல்ல மாத்து இடம் ஏற்பாடு ஆயிடுச்சுன்னும் சொன்னான். உனக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சோம்."

"நான் மேடையைப் பார்த்துக் கத்தினப்பவுமா அப்படி நெனச்சீங்க?"

வாத்தியார் மனைவி கையை விட்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை. அதாவது தெருவில் முப்பது வீடு ஏறி இறங்கியவன், பிறந்து வளர்ந்த வீட்டுக்கு மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா அன்றைக்கு வாசலில்தான் உட்கார்ந்து உறைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கச் சந்து வழியாகப் போயிருப்பான்.

பள்ளிக்கூட வாசலிலேயே அவன் ஓடிவந்து வழிமறித்தான். "அக்கா, கோவப்படாத. சொல்றதைக் கேளு. மாத்து இடத்துல முதல் வரிசையில உனக்கு வீடு. நான் பேசி வெச்சிருக்கேன்."

"துணியை எங்கடா காயப் போடுறது?"

"மாடி இருக்குக்கா."

"எத்தனையாவது மாடி?"

"அஞ்சாவது. லிஃப்ட் வரும்னு சொல்றாங்க."

"இது எப்ப பேசினே?"

பொய் சொல்லிப் பழகியவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் வரவில்லை. "போன வருஷமே" என்றான்.

போன வருஷம் என்றால் நோட்டு வாங்க வருவதற்கு முன்னாலேயே. அவள் தலையணை உறையைத் தேடி எடுத்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இவன் பக்கத்தில் நின்று எல்லாம் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஒம்பது வருஷமா டெம்பரரிக்கா நான்" என்றான். "இந்தத் திட்டம் வந்தாத்தான் என்னை நிரந்தரம் பண்ணுவாங்க. எனக்கும் குடும்பம் இருக்குல்ல? அந்தச் சாக்கடைய வெச்சிக்கிட்டு நீ எத்தனை நாளைக்கு..."

"சாக்கடையா?" என்றாள். அவனைத் தாண்டிக்கொண்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.

சும்மா இருந்துவிடவில்லை. மூன்று மனு எழுதினாள். பதினோரு படிகளையும் படம் பிடித்து ஒட்டினாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: "பதிவேட்டில் கண்டபடி நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது." அந்தப் பதிவேடு யாருடையது? அவளுடையது. அவள் கையெழுத்தை வைத்தே அவள் வாயை அடைத்துவிட்டார்கள். லாட்ஜ்காரர்கள் இரண்டு பேரும் வேறு லாண்டரி பார்த்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். நர்சிங் ஹோம் கேட்கவே இல்லை, மூட்டை வருவது நின்றது.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. மேற்கேயிருந்து கான்கிரீட் வந்தது. ஒரு நாளைக்கு இத்தனை அடி என்று வைத்துக்கொண்டு மிஷின்கள் ஓடையைத் தோண்டின, கம்பி கட்டின, ஊற்றின. கரையோரப் புங்கமரம் இரண்டும் ஒரே காலையில் போயின. ஊற்றி முடித்த இடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர். நடுவிலே சாம்பல் நிறத் தளம். அதன்மேல் ஓடைத் தண்ணீர் இரண்டு விரற்கடைக்குப் பரவி, சத்தமில்லாமல் ஒரே நேராகப் போய்க்கொண்டிருந்தது. மீனும் இல்லை, பாசியும் இல்லை. தவறி விழுந்த தவளை ஒன்று ஏற வழியில்லாமல் சுவரோரமாகவே போவதும் வருவதுமாக இருந்ததை அக்கா ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தாள். தவளை அதில் ஏறவில்லை.

மிஷின் வளைவுக்கு நாலு வீடு தள்ளி வந்து நின்றபோது, மாற்று இடத்துக்கான படிவத்தோடு ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பினார்கள். தெருவைத் தெரிந்தவன் என்று சின்னவனையே அனுப்பினார்கள். புதுச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. நிரந்தரம் ஆகிவிட்டது போலிருக்கிறது.

முன்னறையில் மிஷின்கள் ஓடவில்லை. அக்கா கடைசியாக மிச்சமிருந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் வாசலில் நின்று.

"வாங்க சார்" என்றாள். "உள்ள வாங்க. உட்காருங்க."

அவன் செருப்பைக் கழற்றியபடியே அப்படியே நின்றுவிட்டான். "என்னக்கா இது? என்னைப் போய்..."

"உட்காருங்க சார். நிக்கிறீங்களே." கோபமாகச் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே குரல். முக்காலியை எடுத்துப் போட்டு, மேலே இருந்த தூசியைத் துண்டால் தட்டினாள். "தண்ணி கொண்டு வரட்டுங்களா?"

"வேண்டாம்" என்றான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தான். வாசித்தான். முழுப்பெயர் கேட்டான், சொன்னாள். வயது சொன்னாள். தொழில் என்ற இடம் வந்ததும் அவனே "சலவை" என்று எழுதப் போனான்.

"இருந்துச்சுன்னு எழுதுங்க சார்."

அவன் அந்த இடத்தைக் காலியாக விட்டான். அடுத்த வரிக்கு வந்தான். வந்ததும் பேனா நின்றது. பூர்வீக வீடு என்பதால் பங்காளிகள் யாரென்று எழுத வேண்டும். உடன்பிறந்தோர் விவரம். அவன் வாசிக்காமல், தலையைக் குனிந்தபடியே தன் பெயரின் முதல் எழுத்தை எழுதத் தொடங்கினான்.

"அது என்ன கேள்வி சார்?"

"அதுவா... கூடப் பிறந்தவங்க."

"யாரும் இல்லைங்க."

"அக்கா!"

"யாரும் இல்லை சார். எழுதுங்க."

"அது தப்பான தகவல் ஆயிடும்க்கா" என்றான். கண் கலங்கியிருந்தது. "நான் எப்படி அதை எழுதுவேன்?"

"சந்தேகமா இருந்தா தெருவுல விசாரிச்சுப் பாருங்க சார்" என்றாள் அக்கா, அடுத்த விரிப்பை எடுத்து நுனியோடு நுனி சேர்த்தபடி. "எனக்கு ஒரு தம்பி இருந்தானான்னு வீடு வீடா கேளுங்க. யாருக்கும் ஞாபகம் இருக்காது."

வெளியே கான்கிரீட் கலக்குகிற மிஷின் ஓட ஆரம்பித்தது. அவன் வாசலைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்கே படிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். எழுதிய எழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் "இல்லை" என்று எழுதினான்.

அக்கா படிவத்தை வாங்கி அந்த வரியை ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.